ஹிஸ்புல்லாவின் சிறுத்தைகள்

"இது சிறுத்தைத் தோலா?"

கேள்வி ஒரே நேரத்தில் இரண்டு பேரிடமிருந்து வந்தது. தேயிலை ஏற்ற வந்த கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டாள். வனசீவராசிகள் இலாகா அதிகாரி இரத்தினசிங்கம் தமிழில் கேட்டார். இருவருக்கும் நடுவே, கண்ணாடி அலுமாரியின் மேல், அந்தக் கைப்பை கிடந்தது. மஞ்சள் மயிர், கறுப்புப் புள்ளிகள், பித்தளைக் கொக்கி.

ஹிஸ்புல்லா அவளைப் பார்த்து "யெஸ்" என்றான். அதிகாரியைப் பார்த்து "இல்லை" என்றான்.

அதிகாரிக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதை அவசரத்தில் அவன் யோசிக்கவில்லை.

"ரெண்டில எது உண்மை?" என்றார் இரத்தினசிங்கம்.

"ஐயாவுக்குச் சொன்னதுதான் உண்மை. அவவுக்குச் சொன்னது வியாபாரம்."

அது எழுபத்திரண்டாம் ஆண்டு. திருகோணமலைத் துறைமுக வீதியில் சங்கு, சிப்பி, கருங்காலி யானை விற்கும் கடைகள் பல இருந்தன. சிறுத்தைப் பை விற்கும் கடை ஹிஸ்புல்லாவுடையது மட்டுந்தான்.

இரத்தினசிங்கம் பையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "வெருகல் காட்டுக்குள்ள சிறுத்தையின்ர உடம்புகள் கிடக்குது. தோல் இல்லை. ஒண்டை நான் கண்ணால பார்த்தனான். உரிச்சுப் போட்டால் அது சிறுத்தை மாதிரியே இல்லை, தெரியுமோ? சிவப்பா, மெலிஞ்சு, ஒரு மனிசப் பிள்ளை படுத்துக் கிடக்கிற மாதிரி. தோல் எங்க போகுது எண்டு தேடிக்கொண்டு வந்தனான். உம்மட கடையில வந்து நிக்கிறன்."

"அல்லாஹ் அறிய, இது ஆடு ஐயா!"

"ஆட்டுக்கு எப்ப காணும் புள்ளி வந்தது?"

"என்ட மனிசி வெச்சது."

அதிகாரி சிரிக்கவில்லை. "சிறுத்தை எண்டால் மறியலில கம்பி எண்ணவேணும். ஆடு எண்டால் ஏமாத்து. அதுக்கு இந்த அம்மா பொலிசுக்குப் போகலாம். எது வேணும் எண்டு நீரே சொல்லும்."

ஹிஸ்புல்லா ஆட்டைத் தேர்ந்தெடுத்தான். அது உண்மையாகவும் இருந்தது. அவன் சிறுத்தையை வாழ்நாளில் நேரில் கண்டதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானாகப் பலி கொடுத்த ஆடுகளின் தோல்கள் பள்ளிவாசலுக்குச் சேரும். அவற்றை அங்கே வாங்கி, மயிரோடு பதப்படுத்தி, மஞ்சளிலும் தேயிலைச் சாயத்திலும் தோய்ப்பான். புள்ளி வைப்பது மனைவி நஜ்முன் நிஸா. கலியாணப் பெண்களுக்கு மருதோன்றி போடுகிற கை. ஒரு கலண்டர் படத்தைப் பார்த்துச் சிறுத்தை பழகிக்கொண்டாள்.

"புள்ளியை அழிச்சுக் காட்டுறன்," என்று ஹிஸ்புல்லா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தான்.

வெள்ளைக்காரப் பெண்மணி என்ன செய்கிறாய் என்று கேட்டாள். "பொலிஷ்," என்றான்.

பை பளபளத்தது. புள்ளி போகவில்லை. துணியில் ஒரு பொட்டுக் கறுப்புக்கூட ஒட்டவில்லை. எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்தான். புள்ளி முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

"நிஸா!" என்று கத்தினான்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிஸா திரைச்சீலையருகே வந்து நின்றாள்.

"இந்தப் புள்ளி எப்படிப் போகும்? ஐயாட்டச் சொல்லு!"

"போகாது," என்றாள் நிஸா. "கடுக்காய்ச் சாறில துருப்பிடிச்ச ஆணி ஊறப்போட்டு எடுத்த கறுப்பு. தோல் கிழிஞ்சாலும் புள்ளி கிழியாது."

"உன்னை ஆர் இவ்வளவு நல்லாச் செய்யச் சொன்னது?"

"நீங்கதானே போன வருசம், புள்ளி கரைஞ்சு ஒரு வெள்ளைக்காரிட சட்டையெல்லாம் பட்டெண்டு என்னோட சண்டை பிடிச்சீங்க?"

இரத்தினசிங்கம் பையைத் தமது கைக்குள் வைத்துக்கொண்டார். "கதை நல்லாத்தான் இருக்கு. நான் எப்படி நம்புறது?"

நிஸாவுக்கு அது பிடிக்கவில்லை. தன் கைவேலையை ஒரு மிருகத்தின் கணக்கில் எழுதுவதை அவளால் பொறுக்க முடியவில்லை. "இஞ்சருங்க, அந்த ஆட்டைப் பிடிங்க," என்றாள்.

வீதியில் ஓர் ஆடு சுவரிலிருந்த சினிமா விளம்பரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வெளிர்மஞ்சள் ஆடு. யாருடையது என்று விசாரிக்கிற நிலையில் ஹிஸ்புல்லா இல்லை. அவன் கொம்பைப் பிடித்துக்கொள்ள, நிஸா தகர டின்னிலிருந்த சாயத்தைத் தென்னை ஈர்க்கால் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஒரு வளையம், நடுவில் சிறிது வெளிச்சம், பக்கத்தில் இன்னொரு வளையம். அதிகாரி தம்மை மறந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டின் இடப்பக்கம் முழுவதும் சிறுத்தையானது.

"பாருங்க," என்று நிஸா கையைத் துடைத்தாள்.

"வரையத் தெரியும் எண்டது விளங்குது, தங்கச்சி. ஆனால் இந்தப் பை வரைஞ்சதுதான் எண்டதுக்கு என்ன சாட்சி? நல்லா வரையிற ஆள் வீட்டில உண்மைத் தோலும் இருக்கலாந்தானே?"

அந்தப் பதிலில் ஹிஸ்புல்லாவின் கை தளர்ந்தது. ஆடு திமிறிக்கொண்டு ஓடியது. ஓடினதும் ஓடினது, மீன் சந்தைப் பக்கம் ஓடியது. வலப்பக்கமிருந்து பார்த்தவர்களுக்கு ஆடு. இடப்பக்கமிருந்து பார்த்தவர்கள்தான் கத்தினார்கள். பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைப் போட்டுவிட்டு ஐஸ் பெட்டிமேல் ஏறினார். சிறுத்தை துறைமுகத்துக்குள் புகுந்துவிட்டது என்ற செய்தி, ஊரைச் சுற்றிக்கொண்டு, புதிய செய்தியாக இரத்தினசிங்கத்திடமே வந்து சேர்ந்தது.

பின்னாலேயே ஆட்டைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு ஸெய்னுதீன் மரைக்கார் வந்தார். பள்ளிவாசல் நிருவாகத்தின் தலைவர் அவர். ஆடும் அவருடையது.

"ஆர்டா இந்த வேலை பார்த்தது? பெருநாளைக்குக் குர்பான் கொடுக்க வளர்க்கிற ஆடு! குர்பான் ஆட்டில ஒரு குறையும் இருக்கப்படாது. இதைக் கொண்டுபோனா ஆடே இல்லையெண்டு சொல்லிப் போடுவாங்களே!"

"கழுவினாப் போகும், காக்கா," என்று மூத்தவரிடம் பேசும் பணிவோடு சொன்னான் ஹிஸ்புல்லா.

"போகாது," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஹிஸ்புல்லாவுக்கு வேறு வழி தெரியவில்லை. மறியல் கண்முன் நின்றது. "காக்கா, கோவத்தைப் பிறகு படுங்க. நான் உங்கட பள்ளியில குர்பான் தோல் வாங்குறனானா இல்லையா? ஐயாட்டச் சொல்லுங்க."

"வாங்குறாய். தொழுகைக்கு விரிக்கிறதுக்கு எண்டுதானே வாங்குறாய்?"

ஹிஸ்புல்லா அதிகாரியிடமிருந்து பையை வாங்கி, உட்சீலையைக் கிழித்தான். தோலின் உட்புற ஓரத்தில் ஒரு சிறிய பிறை குத்தியிருந்தது. ஊர்த் தோல்களோடு கலந்துவிடாமலிருக்கப் பள்ளிவாசல் குத்தும் அடையாளம்.

மரைக்கார் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அதைப் பார்த்தார். பிறையை விரலால் தடவினார்.

"எங்கட பிறைதான்," என்றார் கடைசியில். "அல்லாஹ்வுக்கெண்டு அறுத்த ஆட்டை, வெள்ளைக்காரிட தோளில சிறுத்தையாத் தொங்கவிட்டிருக்கிறாய். இனி இந்தப் பள்ளியில ஒரு முழத் தோல் உனக்குக் கிடையாது." ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறியல் போயிற்று. தோலும் போயிற்று. வெள்ளைக்காரப் பெண்மணிக்கு இப்போது விஷயம் விளங்கிவிட்டது. அவள் முகம் சிவந்தது. நான் என்ன முட்டாளா, எனக்கு உண்மையான தோல்தான் வேண்டும் என்றாள். ஒரு சிறுத்தையும் சாகவில்லை என்பதே அவளுடைய மனக்குறை. பையைப் பிடுங்கி அலுமாரிமேல் எறிந்துவிட்டு வெளியேறினாள்.

ஹிஸ்புல்லா அவள் போன திசையைக் கைகாட்டினான். "பார்த்தீங்களா, ஐயா? அந்த அம்மா ஒரு சிறுத்தையைக் கொல்லத்தான் வந்தவ. நான் ஆட்டைக் கொடுத்துச் சமாளிச்சிருப்பன். நான் வித்த ஒவ்வொரு பைக்கும் காட்டில ஒரு சிறுத்தை மிச்சம். உங்கட இலாகா செய்யிற வேலையைத்தான் நானும் செய்யிறன். உங்களுக்குச் சம்பளம், எனக்கு வசவு."

இரத்தினசிங்கம் யோசித்தார். அந்தப் பேச்சில் ஏதோ பிழை இருப்பதாக அவருக்குப் பட்டது. எங்கே என்று பிடிபடவில்லை. காட்டில் கண்ட உடம்பு இன்னும் அவர் கண்ணுக்குள் கிடந்தது.

"அப்படியும் இருக்கலாம்," என்றார். "ஆனால் பொய் சொல்லி விக்க ஏலாது. வாசல்ல ஒரு பலகை போடும். மூண்டு பாஷையிலயும் ஆட்டுத் தோல் எண்டு எழுதும்."

பலகை தொங்கியது. வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பினார்கள். மிஞ்சியிருந்த பைகள் அலுமாரிக்குள் தூசு பிடித்தன. நிஸா மறுபடி கலியாண வீடுகளுக்கு மருதோன்றி போடப் போனாள். ஹிஸ்புல்லாவுக்கு ஓர் ஆறுதல் மட்டும் இருந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொன்னான்: "கடை போனாலும் கையில ரத்தம் இல்லை. இந்த ஊரிலேயே சிறுத்தையைக் காப்பாத்தின ஒரே யாவாரி நான்தான்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவனும் அதை மெல்ல மெல்ல நம்பி, நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினான்.

அப்படியொரு மத்தியானம் சோமசேகரம் கடைக்குள் வந்தான். இலங்கைத்துறைப் பக்கத்து வெருகல் காட்டில் தேன் எடுத்து, எதிர்ப்புற வாகை மரத்தடியில் சாக்கு விரித்து விற்கிறவன். ஒரு போத்தல் தேனை அலுமாரிமேல் வைத்தான்.

"என்ன, சோமு? நான் தேன் கேக்கேல்லையே."

"விலைக்கில்லை, முதலாளி. சும்மா ஒரு சந்தோசத்துக்கு. நீங்கள் அந்தப் பலகையைப் போட்டதுக்கு."

"என்ட பலகையால உனக்கென்ன சந்தோசம்?"

"அதை வாசிச்சிட்டுத் திரும்புற ஆக்கள் நேரே என்னட்டத்தானே வருகினம்."

"தேனுக்கா?"

சோமசேகரம் வெட்கத்தோடு சிரித்தான். வீதியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். "தேனுக்கு இஞ்ச ஆர் வருகினம்? உண்மையானது எங்க இருக்கு எண்டு கேட்டு வருகினம். சாக்குக்குக் கீழதான் வைச்சிருக்கிறன். உங்கட மனிசி வைக்கிற புள்ளி மாதிரி அவ்வளவு ஒழுங்கா இராது. ஆனால் அவைக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

ஹிஸ்புல்லா கதிரையிலிருந்து எழுந்த வேகத்தில் தேன் போத்தல் உருண்டது. சோமசேகரம் அதை ஏந்திப் பிடித்தான்.

"நீயாடா? வெருகல் காட்டுக்குள்ள அந்த வேலை பார்த்தது நீயா?" அவன் அலுமாரியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். "வாயில்லாச் சீவனடா! உனக்கு ஈவிரக்கம் இல்லையா? நான் இத்தனை வருசம் இதே தொழில் செய்தன். ஒரு சிறுத்தையிட மயிரைத் தொட்டிருப்பனா? உனக்கு ஆர் இந்தப் பாவத்தைச் சொல்லித் தந்தது?"

சோமசேகரம் போத்தலைத் துடைத்து, மறுபடியும் பத்திரமாக அதே இடத்தில் வைத்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. இப்படியொரு கேள்வியா என்ற ஆச்சரியந்தான்.

"என்ன முதலாளி இப்படிக் கேக்கிறியள்? முந்தி சிறுத்தையைக் கண்டால் நான் தேன் வாளியையும் போட்டுட்டு ஓடித் தப்புறவன். அதின்ர தோலையும் காசு குடுத்து வாங்க ஆக்கள் இருக்கினம் எண்டு, உங்கட இந்தக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்துத்தானே அறிஞ்சனான்!"