டப்பாவில் அடைத்த இருட்டு

ஊரில் இருட்டுக்குக் கிராக்கி ஏறிய காலம் அது. மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகை வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை நின்றது. உள்ளே வீற்றிருந்தவர் இருளுறிஞ்சியார். பெயர் அவரே வைத்துக்கொண்டது. பெற்றவர்கள் அவ்வளவு கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

அவருடைய தத்துவம் எளிது. பகலெல்லாம் இருட்டு பூமிக்குள் பதுங்கிக் கிடக்கிறதாம். சாயங்காலம் கிளம்பி வந்து ஊரை மூடுகிறதாம். அதுதான் இரவாம். விடிந்ததும் திரும்பிப் போகும்போது, கொஞ்சம் சோம்பேறி இருட்டு மட்டும் மனிதர்களின் கண்ணிலேயே தங்கிவிடுகிறதாம். அதை அவர் வாயால் உறிஞ்சி, தகர டப்பாவில் ஊதி, மூடியை அரக்கு வைத்து ஒட்டிக் கொடுப்பார். மூடியில் ஒரு சின்னத் துளை. சந்தேகப்படுகிறவர்கள் கண்ணை வைத்துப் பார்க்கலாம். பார்த்தால் உள்ளே கும்மிருட்டு! கண்ணால் கண்ட பிறகு மூளைக்கு அங்கே என்ன வேலை?

தையல்காரரும் பார்த்தார், பரவசப்பட்டார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வியாழக்கிழமை முதல் கண்ணுக்கு ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். ஆயுள் முழுக்கக் கத்தரி பிடித்த மனிதருக்குத் தன்மேல் கத்தி படுவதென்றால் நடுக்கம். அதனால் கொட்டகைக்கு ஓடினார். வீட்டுப் பரணில் ஏற்கெனவே இரண்டு டப்பா இருட்டு சேர்ந்திருந்தது. மூன்றாம் தடவை போனபோது தீர்ப்பு வந்தது: தையல் மெஷின் கறுப்பு, அதுதான் இருட்டுக்குத் தாய்வீடு, அதைக் கொண்டுவந்து கொட்டகையில் ஒப்படைத்துவிட வேண்டும்.

"ஏங்க, மெஷினைக் குடுத்துட்டு வயித்துல ஈரத்துணியா போட்டுக்கிறது?" என்றாள் மனைவி.

"கண்ணு தெரிஞ்சா வேற வாங்கிக்கலாம்டி."

"ரெண்டு டப்பா எடுத்தாச்சே, ஊசியில நூல் கோக்க முடியுதா?"

முந்தின நாள்தான் அவர் ஒரு சட்டைக்கு இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்திருந்தார். அதைப் பிரித்துத் தைத்தவள் அவள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

மறுநாள் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்காக இழுப்பறையைக் காலி செய்தபோது, பொத்தான் டப்பா கையில் வந்தது. மூடியில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. சும்மா கண்ணை வைத்துப் பார்த்தாள். கும்மிருட்டு. 'இது யார் வீட்டு இருட்டு?' என்று நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு புருஷனோடு கிளம்பினாள்.

கொட்டகை வாசலில் உச்சி வெயில். அங்கே நின்று டப்பாவைத் திறந்தாள், வரிசையில் நின்ற எல்லோருக்கும் காட்டினாள், மூடினாள். பிறகு உள்ளே போனாள்.

"ஐயா, இதுல எப்படிப்பட்ட இருட்டுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

இருளுறிஞ்சியார் துளையில் கண்ணை வைத்தார். உடம்பு சிலிர்த்தது.

"அப்பப்பா! ஏழு தலைமுறை இருட்டும்மா! எந்த மகான் உறிஞ்சினது?"

"யாரும் உறிஞ்சலைங்க. என் பொத்தான் டப்பா. இப்பதான் வெயில்ல வெச்சு மூடினேன்."

"ஆமா, நானும் பார்த்தேன்" என்றார் வரிசையில் முதலாக நின்ற முடிதிருத்துபவர்.

அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே பொத்தான்கள் பளபளத்தன.

"ஏழு தலைமுறையும் எங்கய்யா போச்சு?"

"அது... பறந்துடுச்சு."

அவள் மறுபடி மூடி நீட்டினாள். "பாருங்க, திரும்பி வந்துடுச்சு. வளர்த்த பூனையோ?"

முடிதிருத்துபவர் முன்பு வாங்கிய தன் டப்பாவின் அரக்கை நகத்தால் பெயர்த்தார். பழைய பிஸ்கட் வாசனை மட்டும் வந்தது.

"அப்போ ராத்திரி எப்படி வருது? சொல்லு பார்ப்போம்!" என்று சீறினார் இருளுறிஞ்சியாரின் பக்கத்தில் நின்ற சீடர்.

மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசிப் பஞ்சுருண்டையை அவிழ்த்து வாசல் வெயிலில் பிடித்தாள். அதில் ஒரு சிவப்புக் குண்டூசி. "இது நம்ம ஊரு. வெயில் படுது, பகல். உருண்டை சுத்துது, ஊசி அந்தப் பக்கம் போச்சு, ராத்திரி. சூரியன் எங்கயும் போகல, இருட்டு எங்கிருந்தும் வரல. நாமதான் திரும்பிக்கிறோம்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"உங்களுக்கும் சொன்ன பள்ளிக்கூடத்து டீச்சர்தாங்க. எல்லாரும் பரீட்சையில எழுதினோம், மார்க்கு வாங்கினோம். அதோட சரி."

வரிசை திரும்பிக் கத்தத் தொடங்கியபோது இருளுறிஞ்சியார் பின்கதவு வழியாக வெளிச்சத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். மெஷின் வீடு திரும்பியது. வியாழக்கிழமை தையல்காரரை அவளே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அடுத்த நாள் கட்டுப் பிரித்ததும் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?"

"நீங்க வாங்கின அந்த ரெண்டு டப்பாவுலதாங்க வெளுத்துச்சு."

கொட்டகையில் இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். மனிதர்களின் நிழலைத் துவைத்துத் தருகிறாராம். வரிசையில் முதல் ஆள் அதே முடிதிருத்துபவர். கண்ணில் விழுந்த புரையை எடுக்க டாக்டர் இருக்கிறார். புத்திக்குத் தானே மூடி போட்டுக்கொண்டவன் அதைத் தானேதான் திறந்தாக வேண்டும்.