சுபேதார் சொல்லச் சொல்ல

இதை எனக்கு முதலில் சொன்னது நோராதான். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சொன்னாள். சேலத்திலிருந்து திரும்பி அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிலுவைப்பாதை முடிந்த கையோடு அப்படிச் சிரித்ததற்கு ஆண்டவர் எங்கள் இருவரையும் மன்னிக்கட்டும்.

நோராவின் வீட்டுக்காரர் சுபேதார் மைக்கேல்ராஜ். இருபத்தெட்டு வருஷம் பட்டாளம். பென்ஷனோடு வந்த மறுநாளே வீட்டை முகாம் ஆக்கிவிட்டார். ஐந்துக்கு டீ. ஏழுக்கு நாஷ்டா. ஒரு நிமிஷம் பிந்தினால் விசாரணைக் கமிஷன். அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்தச் சமயம் மகள் ஜெஸிந்தாவுக்கு இரண்டாவது பேறுகாலம். மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளால் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை.

"என்னங்க, சேலத்துக்குப் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டுமா?"

"ரெண்டு மாசமா? எனக்குச் சோறு?"

"ஓட்டல் இருக்கே."

"சுபேதார் மைக்கேல்ராஜ் டிபன் கேரியரத் தூக்கிட்டு ரோட்ல போவானா? லீவு சாங்ஷன் இல்ல!"

நோரா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மைக்கேல்ராஜுக்கு அப்போது வேறு ஒரு பெருமை வந்து சேர்ந்திருந்தது. பட்டாளத்திலிருந்து புதிதாக வெளியே வருகிறவர்களுக்கு, முன்னாலேயே வந்தவர்கள் இன்டர்நெட் வழியாகப் புத்தி சொல்வதற்கு ஒரு குழு இருந்தது. அதில் அவரை வழிகாட்டியாகப் போட்டிருந்தார்கள். மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. ஆனால் பட்டாளத்தில் சுபேதார் சொல்வார், கிளார்க் எழுதுவான், இவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அந்தப் பழக்கம் போகுமா? நோராவோ கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்டின் டவுனில் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணினவள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி தமிழில் சொல்வார். அவள் இங்கிலீஷில் தட்டுவாள். கண்ணாடி போட்டால் கிழவன் போலத் தெரியும் என்று அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. அனுப்புகிற பட்டனை மட்டும் தன் விரலாலேயே அமுக்குவார்.

ஒருநாள் பீன்யாவில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்திருந்த ஹவில்தார் கணேசமூர்த்தி கேட்டு எழுதியிருந்தார்: சாப், வெளியே வந்து மூணு மாசமாச்சு. வீட்டில் தினம் சண்டை. என்ன செய்யட்டும்?

"எழுது நோரா! காலைல அஞ்சு மணிக்கு எல்லாரையும் எழுப்பி வரிசையா நிறுத்து. ஆளாளுக்கு வேலை பிரிச்சுக் கொடு. நீ மேற்பார்வை பாரு, போதும். பொண்டாட்டி ஊருக்குப் போக லீவு கேட்டா கொடுக்காதே. அவ்வளவுதான்."

நோரா தட்டினாள். தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னது நாலு வரி. இன்னுமா முடியல?"

"இங்கிலீஷ்ல ஸ்வல்ப நீளமா வருங்க."

"அப்படியா? சரி, தள்ளு." பட்டனை அமுக்கினார்.

பத்தே நாளில் பதில் வந்தது. நோரா வாசித்தாள்: "நீங்க சொன்னபடியே நடந்தேன் சாப். வீட்டில் இப்போ நிம்மதி."

"கேட்டியா? ஒழுங்கு வந்தா நிம்மதி தானா வரும்!"

இப்படியே இன்னும் நாலு பேர் எழுதினார்கள். மைக்கேல்ராஜ் மீசையைக் கத்தரிப்பதற்கே தினம் அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் ஐந்து பேரும் குடும்பத்தோடு நேரில் வந்து சால்வை போடப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கப்புறம், ஹாலில் நிற்க இடமில்லை. சால்வை விழுந்தது. கணேசமூர்த்தியின் மனைவி யசோதா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"அண்ணா, நீங்க நல்லா இருக்கணும். இவரு இப்ப சட்னி அரைக்கிறாரு."

"என்னது? யாரு?"

"எங்க வீட்டுக்காரர்தான். உங்க லெட்டரத் தமிழ்ல எழுதி சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தாரு. அதையே எடுத்துட்டு வந்துட்டேன், கேளுங்க." யசோதா உரக்கப் படித்தாள்: "தம்பி, பட்டாளத்தில் நாம் வருஷா வருஷம் லீவில் வந்தோம். வீட்டில் இருந்தவளுக்கு லீவே இல்லை. காலையில் நீ எழுந்து டீ போடு. சமையல் கற்றுக்கொள். அவள் ஊருக்குப் போகக் கேட்டால், கேட்டதற்கு மேல் பத்து நாள் சேர்த்துக் கொடு. என் மனைவி, மகளின் பேறுகாலத்துக்குச் சேலம் போகிறாள். நானே ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவிடுவேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கேல்ராஜ் நோராவைப் பார்த்தார். நோரா டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுதவில்லை என்று மைக்கேல்ராஜ் சொன்னால், படிக்காமல் அனுப்பினவன் என்று பெயர். நான்தான் எழுதினேன் என்றால் சோறு போயிற்று. கழுத்தில் சால்வை வேறு. எதிரில் ஐந்து ஹவில்தார்கள், ஐந்து மனைவிமார்.

"மேடம் எப்ப கிளம்பறாங்க சாப்?" என்று கேட்டார் கணேசமூர்த்தி.

மைக்கேல்ராஜ் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "அது... அவ இஷ்டம்."

"செவ்வாய்க்கிழமைங்க. ரெண்டு மாசம், மேல பத்து நாள்" என்றாள் நோரா.

செவ்வாய்க்கிழமை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்.

"நோரா! ரசத்துக்குப் புளி எவ்வளவு?"

"குழுவுல கேளுங்க!"

வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் தட்டினார்: வணக்கம். நான் புதிதாகத் தனியாக இருக்கிறேன். எனக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்.

ஐந்து நிமிஷத்தில் குழுவிலிருந்து பதில் வந்தது. அவருக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்தது ஹவில்தார் கணேசமூர்த்தியை.

ஞாயிற்றுக்கிழமை ரசம் இன்றைக்கும் அவர் கைதான். நீங்கள் அந்தப் பக்கம் போனால், பாவம், ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். உப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.