நெக்ஸ்ட் அண்ணனின் இலவச மேளம்

இந்த உலகத்தில் இலவசமாகக் கிடைத்த எதையும் நெக்ஸ்ட் அண்ணன் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததும் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் எந்த அறிவிப்பு வந்தாலும் ‘நெக்ஸ்ட்’ பொத்தானைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சிங்கப்பூருக்கு இக்கரையில், பாசிர் கூடாங்கில் எங்கள் தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் பேக்கிங் பிரிவு. ஒரே அடுக்குமாடியில் எதிரெதிர் வீடு. படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதனால் எழுத்தைப் பார்த்தால் பயம். படிக்காமல் விட்டால் இன்னும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பார்ப்பதற்காகத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பியவன். இப்படிப்பட்டவனுக்கு அப்படி ஒரு எதிர்வீடு.

வீட்டுக்கு வீடு பாட்டு சிடிகள் கிடந்தன. பாட வைக்கத்தான் பெட்டி இல்லை. எல்லாரும் பென்டிரைவுக்கும் கைப்பேசிக்கும் மாறியிருந்தார்கள். அண்ணனிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். அவரும் காசு வாங்க மாட்டார், மாற்றுகிற மென்பொருளுக்கும் காசு கொடுக்க மாட்டார்.

“காசு குடுத்து வாங்குனா நல்லதா இருக்கும்ல அண்ணே?”

“மழைக்குக் காசு குடுக்கிறியா? வெயிலுக்கு? பாட்டும் காத்துல வர்றதுதானே. அதுக்கு மட்டும் என்னாத்துக்கு லா காசு?”

திரையில் வரும் அறிவிப்பின் முதல் வரியை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று நாலு பக்கம் தாண்டியிருப்பார்.

“அண்ணே, என்னமோ எச்சரிக்கை மாதிரி இருந்துச்சே?”

“அது வக்கீலுங்க எழுதி வக்கீலுங்க படிக்கிறது. நமக்கு என்னா?”

ஒவ்வொரு இலவசத்தோடும் இரண்டு மூன்று விளம்பரப் பட்டைகள் வந்து திரையில் ஒட்டிக்கொண்டன. கடைசியில் பக்கம் தெரிய ஒரு விரற்கடை அளவுதான் மிச்சம். எங்கள் பஸ் டிரைவர் சாமி படங்களுக்கு நடுவே சாலையைப் பார்ப்பதுபோல, அண்ணன் அந்தச் சந்து வழியாக உலகத்தைப் பார்த்தார்.

ஒருமுறை கீழ்வீட்டு அக்காவின் மாரியம்மன் பாட்டு சிடி வந்தது. மென்பொருள் இணையத்தில் தேடிப் பாட்டுகளின் பெயரைத் தானாகவே எழுதிக்கொண்டது, சீனத்தில். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் காட்டினோம். “இனி லாகு பேபி தீடோர் லா,” என்று மலாயில் சொன்னார். குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டாம். எனக்கு வியர்த்துவிட்டது. தெய்வக் குற்றமாயிற்றே!

அண்ணன் அசரவில்லை. “ஏன், ஆத்தா கொழந்தைய தூங்க வைக்க மாட்டாளா?”

மாற்றி முடித்த சிடிகளில் திருப்பிக் கேட்காதவர்களுடையதை நூலில் கோத்துத் துணிக்கொடியில் தொங்கவிடுவார், புறாவை விரட்ட. புறாக்கள் அதில் முகம் பார்த்துச் சிறகு கோதிக்கொண்டன.

இந்த மனிதரிடம்தான் என் கல்யாண மேளத்தை ஒப்படைத்தேன்.

தாலி கட்டும்போது கெட்டி மேளம் எதற்கு? தும்மலோ, தப்பான சொல்லோ காதில் விழாமல் அமுக்கத்தான். எங்களுக்கு அதன் அவசியம் கூடுதல். என் பெரியப்பாவுக்கு சைனஸ். சாம்பிராணிப் புகை பட்டால் தும்மல் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். நான் கட்டப்போகும் கோமதியின் அம்மாவோ பல்லி கத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர். கோமதியின் அக்காவுக்கு வந்த முதல் சம்பந்தமே ஒரு தும்மலில்தான் நின்றுபோனது.

மேளக்குழு முதல் நாள் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுக் காலையில் பாலம் தாண்டி வரவேண்டும். ஜாம் ஆகிவிட்டால்? கோயில் மண்டப ஸ்பீக்கரில் பென்டிரைவ் மட்டும்தான் ஓடும். அதனால் மாமியாரிடமிருந்த மங்கல இசை சிடியை வாங்கி அண்ணனிடம் கொடுத்தேன்.

“கல்யாண மேளமா? அதுக்குப் புது சாஃப்ட்வேர் ஒன்னு எறக்குறேன்,” என்று தேட உட்கார்ந்தார். டுரியான் பழம் பொறுக்குவதுபோலப் பொறுக்கினார். ‘இலவசம்’ என்று ஒரே இடத்தில் போட்டிருந்ததை ஒதுக்கிவிட்டார். “இவன் வெக்கப்படுறான். இந்தா பாரு, இவன் நாலு எடத்துல செவப்புல போட்டிருக்கான். இவன்தான் நெஞ்சத் தொட்டுச் சொல்றவன்.” நெக்ஸ்ட். நெக்ஸ்ட். நெக்ஸ்ட்.

கோமதி எங்கள் தொழிற்சாலையில் க்யூசி. எதையும் சோதிக்காமல் பெட்டியில் போட விடாதவள். “முழுசா கேட்டுப் பாத்தீங்களா?” என்றாள். முகூர்த்த மேளத்தை முகூர்த்தத்துக்கு முன்பு முழுக்கக் கேட்டால் ஆகாது என்று எனக்கு இன்னொரு பயம். அண்ணனைக் கேட்டேன்.

“ஆரம்பம் ஓடுதுல்ல? அப்ப முடிவும் ஓடும் லா. எந்த ஃபோர்க்லிஃப்டாவது ஸ்டார்ட் ஆயி நடுவுல நின்னுருக்கா?”

நின்றிருக்கிறது. அவருடையதுதான், முந்தின வாரம்.

கல்யாணத்தன்று மேளக்காரர் போன் செய்தார். “தம்பி, பாலத்துலயே நிக்கிறோம். முன்னாடி லோரி, பின்னாடி லோரி.” அண்ணன் பென்டிரைவோடு ஸ்பீக்கர் பக்கம் போய் நின்றார். ஐயர் கையைத் தூக்கி, “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்றார். மேளம் முழங்கியது. நான் முதல் முடிச்சைப் போட்டேன். மீதி இரண்டும் என் தங்கை போடவேண்டியவை. அவள் கயிற்றைத் தொட்டாள். மேளம் நின்றது.

அப்படி ஒரு அமைதியைப் பாசிர் கூடாங் கண்டிருக்காது. முன்வரிசையில் பெரியப்பா மூக்கை மேலே தூக்கினார். கண் சொருகியது. வாய் மெல்லத் திறந்தது. மாமியார் அவரையே பார்த்தார்.

“பீ பீ பீபீப்பீ! டும் டும் டுமுக்கு டும்!”

நெக்ஸ்ட் அண்ணன் ஐயரின் மைக்கைப் பிடுங்கியிருந்தார். நாதஸ்வரமும் அவரே, தவிலும் அவரே. கன்னம் இரண்டும் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு கையால் மேசையை அடித்துக்கொண்டே ஊதினார். மண்டபம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியதில் கூரை அதிர்ந்தது. தங்கை இரண்டு முடிச்சையும் போட்டு முடித்தாள். பெரியப்பா தும்மினாரா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எல்லாரும் மாமியாரைப் பார்த்தோம். “மேளம் எங்க நின்னுச்சு? ஆள்தான் மாறுச்சு,” என்றார்.

மறுநாள் கோமதி அண்ணனின் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தாள். இலவசமாக மாற்றினால் ஒவ்வொரு பாட்டிலும் மூன்றில் ஒரு பங்குதான் வருமாம். முழுதும் வேண்டுமென்றால் காசு. “இதையும் போட்டுத்தான் இருக்கான் அண்ணே. ஒரே எடத்துல, பொடி எழுத்துல.”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தார். அவர் ஒரு பக்கத்தை முழுதாகப் பார்த்து நான் பார்த்தது அன்றுதான். உடனே சிடியைத் திரும்ப மாற்றலாம் என்று எழுந்தார். அது துணிக்கொடியில் புறாவுக்குக் கண்ணாடியாக இருந்தது, கீறல் விழுந்துவிட்டது.

இப்போது அவர் செடெனாக் என்ற ஊரில் இருக்கிறார். போன தீபாவளிக்கு வந்தபோது எங்கிருந்தோ அதே சிடியைப் புதிதாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துச் சொல்ல, மெய்யாகவே இலவசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மேளத்தை முழுதாக மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்தப் புதுப் பென்டிரைவ் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. காரில் நாங்கள் போடுவது பழையதைத்தான். முதல் முடிச்சோடு மேளம் நின்றுவிடும். அதற்குப் பிறகு, அண்ணன் ‘பீ பீ’ என்று ஊதிய அந்த இடம்தான் எங்கள் இருவருக்கும் பிடித்த இடம்.