வசனம் முடியாமல் சாகாதவர்

திருப்பூரில் மகாராசாவைவிட அதிக முறை செத்தவர் யாரும் கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் நர்சிங் பள்ளியில், டீ வருவதற்குள் செத்துவிடுவார். டீ வந்ததும் எழுந்துகொள்வார்.

எங்கள் கைக்குச் செல்போன் வந்து சேராத, இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. மற்ற நாட்களில் அவர் மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மாரியம்மன் நோம்பிக்கு நாடகம் போட்டால் ராஜா வேஷம்; அதனால் எல்லோருக்கும் அவர் மகாராசா. பனியன் குடோனுக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் பள்ளிக்குப் பயிற்சி பொம்மை வாங்க வசதியில்லை. உயிருள்ள ஆளிடம் பேசிப் பழகட்டும் என்று பிரின்சிபால் அவரைக் கூட்டிவந்து நோயாளியாகப் படுக்கவைத்தார். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று.

காய்ச்சல் என்று படுக்கவைத்தால் சாவார். மூச்சிரைப்பு என்றாலும் சாவார். கட்டிங் மெஷினில் விரல் வெட்டுப்பட்டு வந்தவராக நடிக்கச் சொன்னால், அதற்கும் சாவு. எனிமா பயிற்சியன்று மட்டும் லீவு.

"ஏனுங்க மாஸ்டர், விரல்ல தையல் போட்டா யாராச்சும் சாவாங்களா?" என்று கேட்டேன்.

"அட ஏங் கண்ணு, இத்தன புள்ளைக உக்காந்து பாக்குது. தையலப் போட்டுட்டு எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

சாவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வலது கை எழும். பிறகு நாடகத் தமிழில் நீண்ட வசனம். நாட்டை அமைச்சரிடம் ஒப்படைப்பார், மக்களிடம் மன்னிப்புக் கேட்பார், கடைசியாக "போய் வருகிறேன், அரியணையே" என்பார். அப்புறம்தான் தலை சாயும். பெல் அடித்தாலும், கரண்ட் போனாலும், வசனம் முடியாமல் அவர் செத்ததே இல்லை.

நானோ எதையும் வரிசையாக மனப்பாடம் செய்து வைப்பவள். நாடி, வெப்பம், மூச்சு, ரத்த அழுத்தம். நாடி பார்க்கவே கை கிடைக்காது. அது மேலே நாட்டை ஒப்படைத்துக்கொண்டிருக்கும். செத்த பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து, "இப்பப் புடிச்சுக்க கண்ணு" என்று நீட்டுவார். செத்தவருக்கு நாடி எத்தனை என்று எழுதுவது?

பிராக்டிகல் தேர்வு வந்தது. தேறாவிட்டால் திங்கட்கிழமையே பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார். காண்ட்ராக்டரிடம் பேசியும் விட்டார். காலையிலேயே மகாராசாவிடம் கெஞ்சினேன்.

"இன்னிக்கு ஒரு நாள் பொழச்சுக்கங்க மாஸ்டர். எம் பொழப்பே இதுலதான் இருக்குது."

"பரிச்சை மேடம் கோயமுத்தூருல இருந்து வந்திருக்காங்க. சும்மா படுத்திருந்தா என்ன நெனப்பாங்க? வேணும்னா உனக்காகச் சுருக்கமாச் சாகறேன்."

என் முறை வந்தபோது வலது கை எழுந்தது. அமைச்சரிடம் நாட்டை ஒப்படைத்தார். "என் மக்களே" என்றார். அவ்வளவுதான். கை தானாக இறங்கியது.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் மெதுவாக, ஊர்ப் பேச்சில்.

"அளவா, நல்லா நடிக்கறாரே" என்றார் தேர்வாளர். "நீ நாடியப் பாரும்மா."

முதல்முறையாக அந்தக் கை சுலபமாகக் கிடைத்தது. சில்லென்று வியர்த்திருந்தது.

"மேடம், வசனம் முடியலீங்க மேடம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்க நேரமில்லாமல் கீழே ஓடினேன். குடோன் வாசலில் நின்ற கம்பெனி வேனில், பனியன் மூட்டைகளுக்கு நடுவே மகாராசாவைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மாரடைப்பு. அவர் பிழைத்தார், நான் பிழைக்கவில்லை. பாதியில் நோயாளி இல்லாமல் போனதால் என் தேர்வு செல்லாது என்றார்கள். திங்கட்கிழமை செக்கிங் டேபிளில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது அவருக்கு வேறு கவலை.

"பாதில உட்டுப்போட்டனே கண்ணு. மக்கள்கிட்ட மன்னிப்பே கேக்கல. அடுத்த பரிச்சைக்கு மிச்சத்தச் சொல்லிப்போடறேன்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. சும்மா வந்து படுத்திருந்தாப் போதும்."

அடுத்த தேர்வுக்குள் அவர் போய்விட்டார். தூக்கத்தில். ஒரு வார்த்தை பேசவில்லை என்றார் அவர் மனைவி.

கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நான் மறுபடி தேர்வுக்குப் போனபோது, பள்ளியில் ரப்பர் பொம்மை வாங்கிவிட்டிருந்தார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் வரிசை பிசகாமல் செய்தேன். கை எழவில்லை, தலை சாயவில்லை, இடைஞ்சல் எதுவும் இல்லை. முடித்த பிறகும் கட்டிலருகிலேயே நின்றேன்.

"அதான் முடிஞ்சுதில்லம்மா, அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார் தேர்வாளர்.

"ஒரு நிமிஷமுங்க மேடம்" என்றேன். "அவரு பேசி முடிச்சுக்கட்டுங்க."