சொத்தை எடுத்துத் தரப்படும்

விளம்பரத்தைப் பார்த்து வந்த முதல் ஆள் பல்லைக் காட்டவில்லை. பத்திரத்தைக் காட்டினார்.

அதற்குள் பல் டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, வாயைத் திறக்கச் சொல்லியிருந்தார். திறந்த வாய் மூடவே இல்லை. அப்பா கட்டிய வீட்டில் மாடியும் தம்பி வசம், கீழ்த்தளமும் தம்பி வசம், தனக்கு மிஞ்சியது மாடிப்படி மட்டும், அதிலும் தம்பி வீட்டுக்காரர்கள் செருப்பை அடுக்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு, பையிலிருந்து பத்திரத்தை உருவிக் கருவித் தட்டில் வைத்தார்.

“ஒரே நாள்ல எடுத்துக் குடுத்துடுவீங்கன்னு போட்டிருக்கு. வலிக்காதுன்னும் போட்டிருக்கு. தம்பிக்கு வலிச்சா எனக்குப் பரவாயில்ல சார்.”

டாக்டர் போனை எடுத்துத் தன் விளம்பரத்தைத் தானே படித்துப் பார்த்தார். ‘சொத்தை எடுத்துத் தரப்படும். ஒரே நாளில். வலியின்றி.’ மூன்று நாள் மண்டையைக் குடைந்து எழுதிய வாசகம். சொத்தைக்கும் சொத்துக்கும் நடுவில் இப்படி ஒரு பள்ளம் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இந்த மாடியில் தனியாக போர்டு மாட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதமும் ஈ ஓட்டினால் பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். அங்கே இப்போது தலைமை டாக்டர், கல்லூரியில் இவர் பேப்பரை எட்டிப் பார்த்துப் பாஸானவன். அவனை ‘சார்’ என்று கூப்பிடுவதை நினைத்தாலே டாக்டருக்குத் தாடை இறுகியது.

அன்று மாலையே மனைவி ‘பல்’ என்ற சொல்லை முன்னால் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார். சேர்க்கிற இடத்தில், ‘உங்கள் விளம்பரத்தை நாங்களே மெருகேற்றலாமா?’ என்று ஒரு கட்டம் கேட்டது. இலவசம்தானே என்று அதையும் அமுக்கினார். இதுவரை தட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் சொத்துக்காரர்கள் என்பதைக் கம்ப்யூட்டர் மோப்பம் பிடித்துவிட்டது. விடிந்து பார்த்தால் விளம்பரம் இப்படி மெருகேறியிருந்தது: ‘பல குடும்பங்களின் சொத்தை வலியின்றி எடுத்தவர்!’

அன்றைக்கு ஒன்பது பேர். நர்ஸம்மா ஒன்பது பத்திரங்களையும் வாங்கி, எக்ஸ்ரே வைக்கும் அலமாரியில் வரிசையாக அடுக்கினார்.

டாக்டர் ‘சொத்தை’ என்ற சொல்லையே தலைமுழுகினார். வேர் சிகிச்சை, விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் பாலம் போன்ற வேறு சேவைகளை எழுதினார். ‘வேரைக் காப்பாற்றுகிறோம். பாலம் கட்டித் தருகிறோம்.’ மறுநாள் ஒரு அம்மாள் வாடிப்போன எலுமிச்சைச் செடியைத் தொட்டியோடு நாற்காலியில் உட்கார வைத்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஒப்பந்தக்காரர், எந்த ஆற்றுக்குக் குறுக்கே கட்டி அனுபவம் என்று விசாரித்தார். செடிக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அனுப்ப முடிந்தது.

இந்த அமளியில் மாடிப்படிக்காரர் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அண்ணன் ஒன்று சொல்ல, தம்பி ஒன்பது சொல்ல, சண்டை கூடத்தைத் தாண்டித் தெருவுக்குக் கேட்டது. டாக்டருக்குப் பொறுமை போயிற்று. அண்ணனை நாற்காலியில் தள்ளி, வாயில் பஞ்சை அடைத்து, பற்களுக்கு இடையில் ரப்பர் கட்டையையும் செருகினார். பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தம்பி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தார். பிறகு டாக்டர் நாற்காலியில் ஆளை மாற்றினார். அரை மணி நேரத்தில் மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு, படி பொது, செருப்பு வாசலில் என்று முடிவாகி, இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கையோடு கையாக இருவர் பல்லையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் விளக்கைத் திருப்பினார். அறுபத்து நான்கும் முத்து. ஒரு புள்ளி கறை இல்லை.

அண்ணன்தம்பி இருவரும் வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ‘எங்கள் அப்பா சொத்தை அரை மணியில் எடுத்துக் கொடுத்த மகான்’ என்று எழுதியும் வைத்தார்கள்.

அவ்வளவுதான். பங்காளிகள், மாமன் மச்சான்கள், ஒரு குடும்பத்தில் மாமியாரும் மூன்று மருமகள்களும் என்று கூடம் நிரம்பி வழிந்தது. பஞ்சு மூட்டை மூட்டையாகத் தீர்ந்தது. ஊரில் எந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்று டாக்டருக்கு அத்துப்படியாகிவிட்டது. ஆனால் ஒரு பல்? ஒரே ஒரு சொத்தைப் பல்? மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது அவர் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த ஊரில் யாருக்கும் பல்லே கெடாதா என்று நர்ஸம்மாவிடம் கேட்டார். அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

அப்போதுதான் ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கையில் பத்திரம் இல்லை. கூடவே சண்டைக்கு ஆளும் இல்லை. டாக்டர் துள்ளி எழுந்து அவரை நாற்காலியில் சாய்த்துவிட்டார். அவர் பதறி எழுந்து, தனக்குப் பல்லில் ஒன்றுமில்லை, தான் அடுத்த தெரு வக்கீலின் குமாஸ்தா என்று சொன்னார்.

ஒரு மாதமாக வக்கீல் வயிற்றில் அடித்துக்கொண்டிருக்கிறோம். நோட்டீஸ்தான் வந்திருக்கிறது என்று டாக்டர் நினைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, எல்லாம் அந்த விளம்பரம் செய்த வேலை என்று கையைப் பிசைந்துகொண்டு விளக்கத் தொடங்கினார்.

குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க ஐயாவும் போன மாசம் ‘சொத்தைப் பத்திக் கவலையா’ன்னு ஒரு விளம்பரம் குடுத்தாருங்க, அன்னியிலேருந்து கன்னம் வீங்கினவங்களாவே வர்றாங்க, இதுவரைக்கும் நாப்பது பல்லு புடுங்கிட்டாரு, இப்ப ஒரு கடவாப்பல்லு மட்டும் அசைய மாட்டேங்குது, அதான் உங்க குறடு ஒண்ணைக் கொஞ்சம் இரவல் வாங்கிட்டு வரச் சொன்னாரு.”