ஒரு கொப்பரை ஷுர்பா

சூஸ்த்,
திராட்சை பறிக்கும் பருவம்.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஓதில் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஹிக்மத்துல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஆடும் சுகம். அங்கே நீங்கள், மகள் நிகோரா, பேரன் அஸமத், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த என் மனைவி சலோமத், உங்கள் கட்டடத்து லிஃப்ட் ஆகிய எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். லிஃப்ட் போன வாரம் படுத்துவிட்டதாகவும், பதினான்கு மாடியையும் ஏறித்தான் போனதாகவும் சலோமத் போனில் சொன்னாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள் அதை முடித்துவைத்துவிடுகிறீர்கள். அடுக்குமாடி வீடு விற்கும் தொழிலில் அது தேவைதான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் வாக்கியங்களை நானே முடிக்க விரும்புகிறேன். ஸோகிரின் வாடகைக் கார் இன்று தாஷ்கண்ட் புறப்படுகிறது. அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான்: நான் தோற்றுவிட்டேன். வசந்தத்தில், நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தில் நமக்குள் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். "மாமா, உங்க தோட்டத்து மண்ணுல வெளைஞ்ச காயை மட்டும் போட்டு ஒரு கொப்பரை ஷுர்பா சூப் வச்சுக் காட்டுங்க. திராட்சை பழுக்கறதுக்குள்ள காட்டிட்டீங்கன்னா வீட்ட விக்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றீர்கள். நான் உடனே கை நீட்டினேன். அத்தனை வருடமும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் சலோமத். நான் பாத்தியின் குறுக்கே நடந்து வேலைக்குப் போனதோடு சரி. எனவே தோட்டம் தானாகவே காய்க்கும் என்று நினைத்திருந்தேன். விருந்தில் எல்லோரும் சிரித்தார்கள், சலோமத் மட்டும் சிரிக்கவில்லை. பேரன் பிறந்து நாற்பது நாள் முடிந்ததும் திரும்புவதாகச் சொல்லியிருந்தவள், கார் ஏறும்போது வேறு மாதிரி சொன்னாள்: "தோட்டம் உசுரோட இருந்தா வர்றேன். இல்லாட்டி நீங்க அங்க வந்துடுங்க. செத்த தோட்டத்தப் பாக்க என்னால ஆகாது."

ஆகவே, இது வீட்டைப் பற்றிய பந்தயம் மட்டும் அல்ல என்பது உங்களுக்கும் புரியும். சலோமத் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. தேநீர் போட்டால் கெண்டியில் பாதி மிஞ்சுகிறது.

நடந்ததை மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்க வேண்டாம் என்பதால் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பனி. ஆப்ரிகாட் பூத்திருந்த வாரம் அது. நான் தக்காளி நாற்று நட்டு முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய், இந்த வருடம் இனிப் பனி விழாது என்று விளக்கிச் சொன்னேன். வாழ்நாள் முழுக்க வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும் அல்லவா? இருந்தது. நான் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் மெத்தையும் ரஜாயும் தோட்டத்துக்கு வந்துவிட்டன. அடுத்த வீட்டுத் தோஜிஹான் தன் மகள் சீதனத்துக்காகத் தைத்து வைத்திருந்த பட்டு ரஜாயையே தக்காளிமேல் போர்த்தினார். மழலையர் பள்ளியில் சமையல் பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி அவர். பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். "நீங்க பனி வராதுன்னு சொன்னதாக் கேள்விப்பட்டேன் அண்ணே. அப்பவே பெட்டியத் திறந்துட்டேன்" என்றார். பனி வந்தது. நான் சொன்னதை நம்பியவன் தெருவில் நான் ஒருவன்தான், நாற்று போனதும் எனக்குத்தான்.

மறுநாள் தோஜிஹான் ஒரு மஞ்சள் கிண்ணம் நிறைய ஈர மண்ணும் அதில் தன் வீட்டுத் தக்காளி நாற்றுமாகக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கேதான் எனக்கு அடுத்த தொல்லை ஆரம்பித்தது. நம் தெருவில் அடுத்த வீட்டுக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. உங்கள் பக்கம் எல்லாம் பிளாஸ்டிக் பை என்பதால் மறந்திருக்கலாம். தோட்டத்தில் அப்போது விளைந்திருந்தது அவர் கொடுத்த நாற்று மட்டும்தான். அதையே திருப்பிக் கொடுக்க முடியாது. சந்தைக்குப் போய் உலர்ந்த திராட்சை வாங்கி, கிண்ணத்தில் நிரப்பி, "நம்ம வீட்டுக் கொடியில காய்ச்சது" என்று கொடுத்தேன். தோஜிஹான் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "நல்லா இருக்கு அண்ணே. உங்க கொடியில சந்தைக்காரன் ஒட்டுற சீட்டோட காய்க்குது போல" என்று அடியில் கிடந்த விலைச் சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். அன்றோடு, இனி அந்தக் கிண்ணம் நம் மண்ணில் விளைந்ததோடுதான் திரும்பும் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது தண்ணீர். வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுபவர் துர்சுனலி. எனக்கு விட்ட முறை, தெருக்கோடி வீட்டில் கல்யாணப் புலாவ் போட்ட காலை வேளையில் வந்து விழுந்தது. புலாவுக்குப் போகாவிட்டால் பகை; முறையை விட்டால் அடுத்த முறை வரை தோட்டம் காயும். கல்யாணப் புலாவ் என்பது உட்கார்ந்து, தின்று, கையேந்தி வாழ்த்திவிட்டு எழுந்துவிடும் வேலைதானே என்று கணக்குப் போட்டு, மடையைத் திறந்து வைத்துவிட்டு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அங்கே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என்னோடு வேலை பார்த்த பழைய ஆள். போன வருடம் பெய்த மழை அதற்கு முந்தின வருடத்தைவிடக் கம்மி என்று வாய்கூசாமல் சொன்னார். அப்படியே விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை.

நான் ஜெயித்துவிட்டு வீடு திரும்பியபோது தோட்டம் குளமாகியிருந்தது. குளம் மட்டும் என்றால் பரவாயில்லை. நமக்கும் தோஜிஹானுக்கும் நடுவில் இருந்த மண்சுவர் தண்ணீரில் ஊறி, சத்தம் போடாமல் உட்கார்ந்துவிட்டது. அவருடைய கோழிகள் அந்த வழியாக வந்து, வெள்ளரி, முள்ளங்கி என்று ஒவ்வொன்றாக ருசி பார்த்துக்கொண்டிருந்தன. தோஜிஹான் தம் பக்கம் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "புலாவ் எப்படி அண்ணே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருந்தது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம்.

சுவர் விழுந்தால் தெருவே கூடி வந்து கட்டித் தரும், வீட்டுக்காரன் சாப்பாடு போட வேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மண்சுவர் கட்ட மண் வேண்டும். நம் தோட்டத்தில் பிசைவதற்கு மிக நல்ல மண் தக்காளிப் பாத்தியில்தான் இருக்கிறது என்று துர்சுனலி கண்டுபிடித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாத்தியை அடியோடு வெட்டி எடுத்துவிட்டார்கள். உதவிக்கு வந்தவர்களை எப்படித் தடுப்பது? ஆக, உங்கள் மாமியாரின் தக்காளிப் பாத்தி இப்போது சுவராக நிற்கிறது, மிக உறுதியாகவும் நிற்கிறது. அவர்கள் நின்று மண் மிதித்த இடம் வெங்காயப் பாத்தி. தாள் எல்லாம் தரையோடு தரையாகச் சாய்ந்து, காய்ந்து, பாத்தி இருந்த இடம் முற்றம் மாதிரி இறுகிவிட்டது. அந்தப் பக்கம் அதன் பிறகு நான் போகவே இல்லை. மனம் வரவில்லை.

மிச்சம் இருந்தது பூசணி மட்டும். புதுச் சுவரின் அடியில் விதை போட்டேன். முளைத்தது, கொடி ஓடியது, சுவர்மேல் ஏறியது. கோடை முழுக்க ஒவ்வொரு காலையும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு இலையை விலக்கி விலக்கிப் பார்த்தேன். இலைதான். ஆட்டுக்கு வேண்டுமானால் ஷுர்பா வைக்கலாம்.

இதற்கிடையில், சுவர் கட்டிய அன்று வந்த எல்லோரும் சாப்பிட என் புலாவ் போதாமல் போக, தோஜிஹான் அதே மஞ்சள் கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்ட சூப் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கிண்ணம் அன்றிலிருந்து நம் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. சந்தைச் சரக்கோடு அனுப்ப மானம் இடம் தரவில்லை. வெறுமையாக அனுப்ப வழக்கம் இடம் தரவில்லை. தோஜிஹானின் வாசலைத் தாண்ட வேண்டாம் என்று ஆட்டுக்கொட்டில் பின்னால் குனிந்து நுழைந்து கடைக்குப் போய் வருகிறேன். ஆடு என்னை இப்போது தன் இனம் என்றே நினைக்கிறது.

நேற்று திராட்சை பழுத்துவிட்டது. கொப்பரை கவிழ்ந்தே கிடக்கிறது. ஆகவே பேசியபடி, வீட்டைக் கேட்கும் அந்தக் கார் கழுவும் கடைக்காரரை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வரலாம். தண்ணீருக்குக் குறைவிருக்காது என்று அவரிடம் என் பெயரைச் சொல்லித் தைரியமாகச் சொல்லுங்கள். ஆட்டை உங்கள் லிஃப்டில் ஏற்ற விடுவார்களா என்று மட்டும் விசாரித்து எழுதவும். இன்னொன்று: நவ்ரூஸ் களியை எடுத்துக்கொண்டு சலோமத் அங்கே வந்தபோது நம் நீலக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். அது உங்களிடமே இருக்கிறது. இனி அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நானே அங்கு வரப்போகிறேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. பனிக்கும் வரவில்லை, சுவர் விழுந்ததற்கும் வரவில்லை, கிண்ணத்துக்கு வருகிறது.

நீங்கள் வாழ்வாங்கு வாழ்ந்து, தொழில் பெருகி, மகள் முகம் வாடாமல், பேரன் என்னைவிட உயரமாகவும் என்னைவிடச் சரியாகவும் வளர வாழ்த்துகிறேன். சலோமத்திடம் என் நலம் சொல்லவும். தோட்டத்தைப் பற்றி மெதுவாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
மாமனார் ஹிக்மத்துல்லா

பின்குறிப்பு: ஸோகிரின் கார் இன்னும் கிளம்பவில்லை. நான்காவது ஆள் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று நம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் தோஜிஹான் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். பின்பக்கமாக ஓட எனக்கு நேரம் இல்லை. வண்டியில் பூசணிக்காய்கள், ஒவ்வொன்றும் அஸமத் அளவு. நம் கொடி சுவரைத் தாண்டி, காய்க்கிற வேலையை எல்லாம் அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. முற்றட்டும் என்று காத்திருந்து, காம்பு காய்ந்ததும் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். உங்கள் பக்கம் காய்த்தது உங்களுடையதுதான் என்றேன். "வேரு உங்க பக்கம்தானே அண்ணே? பொண்ணைத் தாஷ்கண்டுல கட்டிக் குடுத்தீங்க, பொண்ணு உங்களுது இல்லேன்னு ஆயிடுச்சா?" என்றார்.

இவ்வளவு கொண்டுவந்தவரை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? மஞ்சள் கிண்ணத்தையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய், என்ன செய்வது என்று தெரியாமல், போகாமல் விட்டிருந்த அந்த வெங்காயப் பாத்தியைக் கொத்தினேன். மாப்பிள்ளை, அத்தனையும் வெங்காயம். என் கைமுஷ்டி அளவு. தோஜிஹான் ஒன்றை எடுத்து முகர்ந்து, "தாளை மிதிச்சு விட்டாத்தான் கிழங்கு பெருக்கும். வருஷா வருஷம் சலோமத் அக்கா தானே மிதிச்சுக்குவாங்க. நீங்க புலாவ் போட்டுத் தெருவையே கூப்பிட்டு மிதிக்க வச்சிருக்கீங்க" என்றார். மஞ்சள் கிண்ணம் வெங்காயம் நிறைந்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

கொப்பரை அடுப்பில் இருக்கிறது. கறி மட்டும் கடையில் வாங்கியது. கறியைப் பற்றி நாம் எதுவும் பேசவில்லை. திராட்சை பழுத்தது நேற்று என்று நீங்கள் சொல்வீர்கள். நம் கொடியில் ஒரு குலை இன்னும் பச்சையாக இருக்கிறது, அதை ஸோகிர் பார்த்திருக்கிறார். ஷுர்பாவையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டார், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை எழுதிவிட்டதால் மேலே உள்ளதைக் கிழிக்கவில்லை, ஆனால் அதில் எதையும் செய்ய வேண்டாம். கார் கழுவுகிறவரைக் கூட்டி வர வேண்டாம். லிஃப்டில் ஆடு விஷயமும் விசாரிக்க வேண்டாம்.

ஸோகிர் நாளை திரும்புகிறார். அந்த நீலக் கிண்ணத்தைக் கொடுத்தனுப்புங்கள். வெறுமையாகவே அனுப்பலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சலோமத் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். ஸோகிரின் வண்டி ரொம்பக் குலுங்கும்.