ஒன்பதாவதாக உட்கார்ந்த எலக்ட்ரான்

ஓர் எலக்ட்ரானைத் தனியாக உட்கார வைக்க மனம் வராமல் வேலையைக் கோட்டைவிட்ட ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஊர் கட்டுமாவடிப் பக்கம். கல்யாண வீடுகளில் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுவோம். கடைசியில் ஒருத்தர் மிஞ்சினால், "இங்கிட்டு வாங்க, நெருக்கி உக்காருவோம்" என்று இழுத்துச் சேர்த்துக்கொள்வோம். விருந்தாளியைத் தனித் தட்டில் விடுவது எங்களுக்கு மானப் பிரச்சினை.

இந்தப் பண்பாட்டோடுதான் கீரனூர் அருகே ஒரு பள்ளிக்கு வேதியியல் ஆசிரியர் வேலை கேட்டுப் போனேன். இதுவும் கிடைக்காவிட்டால் துபாயில் மாமா கடைக்குப் போக வேண்டியதுதான் என்று அத்தா சொல்லிவிட்டார். (பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்து வேறு வைத்திருந்தார்.)

ஒன்பதாம் வகுப்பில் மாதிரிப் பாடம். தனிமங்களின் இணைதிறன் எலக்ட்ரான்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல்வர் அம்மா கடைசி பெஞ்சில் இருந்தார். கரும்பலகையில் வட்டங்கள் போட்டேன். "ஒவ்வொரு வட்டமும் ஒரு சஹன். முதல் தட்டுல ரெண்டு பேர், அடுத்ததுல எட்டு பேர். கடைசித் தட்டுல எத்தனை பேரோ, அதான் விடை." லித்தியம் 2, 1. சோடியம் 2, 8, 1. முந்தைய தட்டு நிரம்பிவிட்டது, வேறு வழியில்லை. பிள்ளைகள் கைதட்டாத குறை.

அடுத்து பொட்டாசியம், பத்தொன்பது பேர். 2, 8, 8 போக ஒருத்தர் மிச்சம். மூன்றாவது தட்டோ பதினெட்டுப் பேர் கொள்ளும். இடம் தாராளமாகக் கிடக்கிறது. கட்டுமாவடிக்காரன் கை சும்மா இருக்குமா? ஒன்பதாவது ஆளாக உள்ளே சேர்த்துவிட்டேன்.

"விடை ஒம்பது!"

ஒரு மாணவி எழுந்தாள். "சார், லித்தியத்துக்கு ஒன்னு, சோடியத்துக்கு ஒன்னுன்னீங்க. செவத்துல இருக்குற தனிம அட்டவணை சார்ட்ல அதுக்கு நேரா கீழதான பொட்டாசியமும் இருக்கு? இதுக்கு மட்டும் எப்புடி சார் ஒம்பது?"

"சார்ட்ல அச்சுப் பிழைம்மா" என்றேன். (வாய் கூசவே இல்லை.)

அதை நிரூபிக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அங்கேயே உறைந்துபோனேன். முதல் தொகுதியில் மேலிருந்து கீழே எல்லாவற்றுக்கும் ஒன்று. அடுத்த தொகுதியில் எல்லாவற்றுக்கும் இரண்டு. வலது ஓரத்தில், எட்டும் நிறைந்து யார் வம்புக்கும் போகாமல் நியானும் ஆர்கானும். உள்ளே இடம் இருந்தும், மிஞ்சிய ஒருவனுக்குப் புதுத் தட்டு போடுகிறது இயற்கை. தண்ணீரில் போட்டதும் பொட்டாசியம் பற்றி எரிவது அந்த ஒற்றை ஆளால்தான். இதையெல்லாம் மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவன் நான். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "சுப்ஹானல்லாஹ், எம்புட்டு அழகு!" என்று வாய்விட்டுச் சொல்லியபடி கட்டம் கட்டமாக விரலை நகர்த்திக்கொண்டே போனேன்.

முதல்வர் அம்மாவின் குரல் கேட்டது. "சார், பெல் அடிச்சுப் பிள்ளைங்க சாப்புடப் போயிட்டாங்க."

திரும்பினால் வகுப்பே காலி.

"நீங்க நல்ல மாணவரா இருக்கீங்க சார்" என்றார் அவர். "எங்களுக்கு வேண்டியது வாத்தியாரு."

அடுத்த மாதம் துபாய். மாமா கடையில் இன்றும் உப்புப் பாக்கெட்டை அடுக்கும்போது சோடியத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரான் நினைவுக்கு வந்து, கை ஒரு நொடி நின்றுவிடும்.

போன முறை விடுப்பில் வந்தபோது மச்சினன் கல்யாணம். பந்திக்குத் தாமதமாகப் போனேன். எல்லாத் தட்டிலும் நெருக்கி உட்கார இடம் இருந்தது. ஆனால் இந்தக் கதையெல்லாம் தெரிந்த என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்தே சத்தம் போட்டாள்.

"பொட்டாசியம் வந்துருச்சு! அவுகளுக்குத் தனித் தட்டு போடுங்க!"

எங்கள் குடும்பத்து விருந்துகளில் இன்றுவரை தனித் தட்டில் சாப்பிடும் ஒரே ஆள் நான்தான்.